குவாரிக் குழியில் கசிவு: கால்வாயை நகர்த்தும் முன் எதை அளக்க வேண்டும்?

கேள்வி: கெப்போங்வாசி

அனைவருக்கும் வணக்கம். குடும்பம் கோலாலம்பூரில் இருந்தாலும், வாரத்தில் ஐந்து நாள் ஈப்போவை அடுத்த ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் தளப் பொறியாளராக வேலை செய்கிறேன். குழியின் அடித்தளம் சுற்றுநிலத்தைவிட ஏறத்தாழ 40 மீட்டர் தாழ்ந்துவிட்டது. கிழக்குச் சுவரிலிருந்து 60 மீட்டர் தொலைவில், வெள்ளீயச் சுரங்கக் காலத்தில் வெட்டிய மண் கால்வாய் ஒன்று ஓடுகிறது. கீழே இருக்கும் மீன் குளங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் அதுதான் தண்ணீர்.

கடந்த ஆண்டு இறுதி மழைக்குப் பிறகு, அந்தச் சுவரின் கடைசிப் படித்தட்டில் மூன்று இடங்களில் நீர் ஊற்றெடுக்கிறது. வறண்ட நாட்களிலும் அது குறைவதில்லை. பெருமழை பெய்த மறுநாள் மட்டும் கலங்கலாக வருகிறது. கால்வாய் நீர்தான் கசிகிறது என்று முடிவுகட்டிய நிர்வாகம், அதை 150 மீட்டர் கிழக்கே மாற்றி வெட்ட விலைப்புள்ளி கேட்கச் சொல்லிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேசுவதற்குக் கையில் ஓர் எண்கூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: பழைய நீர்மட்டம்

தம்பி, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். 40 மீட்டர் ஆழக் குழியிலிருந்து நாள்தோறும் நீரை இறைக்கும்போது, சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டமே குழியை நோக்கிச் சரிகிறது. கால்வாய் இல்லாவிட்டாலும் அந்தச் சுவரில் ஓரளவு நீர் வரத்தான் செய்யும். ஆகவே கால்வாய் கசிகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். வரும் நீரில் எத்தனை பங்கு கால்வாயினுடையது என்று கேளுங்கள்.

முதலில் குழிக்குள் வரும் நீரை அளக்க வேண்டும். மூன்று ஊற்றுகளையும் ஒரே ஓடையில் சேர்த்து, 90 பாகை V வடிவ வெட்டுள்ள பலகைத் தடுப்பு ஒன்றை வையுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர்; 20 சென்டிமீட்டர் நின்றால் ஏறத்தாழ 25 லிட்டர். உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்குக்கும் மேல் ஆகிறது என்பதால், கண்ணால் பார்த்து “கொஞ்சம் கூடியிருக்கிறது” என்று எழுதும் குறிப்புகளை நான் நம்புவதே இல்லை. பம்பு ஓடிய நேரத்தையும் மழையளவையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது மின்கடத்துத்திறன்; நீரில் கரைந்த தாதுக்கள் கூடக்கூட அந்த எண்ணும் கூடும். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் இருபுறமும், தித்திவங்சா மலைத்தொடரும் கிளேடாங் தொடரும், கருங்கல் மலைகள். அங்கிருந்து இறங்கும் ஓடைநீர் மிக மென்மையானது. சுண்ணாம்புக்கல்லுக்குள் நெடுநாள் தங்கிய நீரோ கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு கடினமாகிவிடும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, கால்வாயில் 80, குவாரியின் ஆழ்குழாயில் 480, ஊற்றில் 160 மைக்ரோசீமென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 480இலிருந்து 160ஐக் கழித்து, 480க்கும் 80க்கும் உள்ள வேறுபாடான 400ஆல் வகுத்தால் 0.8, அதாவது ஐந்தில் நான்கு பங்கு கால்வாய் நீர். கையடக்கக் கருவி போதும். மூன்று ஊற்றுகளையும் தனித்தனியே அளந்துவிடுங்கள். ஒன்று கால்வாயினுடையதாகவும் மற்ற இரண்டும் நிலத்தடி நீராகவும் இருக்கக்கூடும்.

கலங்கலைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. கால்வாய் கலங்கிய சில மணி நேரத்தில் ஊற்றும் கலங்கினால், இடையில் திறந்த பாதை இருக்கிறது என்று பொருள். கால்வாய் தெளிவாக ஓடும்போதும் ஊற்று கலங்கலாக வந்தால் நிலைமை அதைவிட மோசம்: பாறைப் பொந்துகளை அடைத்திருந்த மண் அரித்து வெளியேறுகிறது, மேலே நிலம் உள்வாங்கக்கூடும். அந்த 60 மீட்டர் நிலத்தில் லாரி நிறுத்துவதை இப்போதே தடை செய்யுங்கள்.

பதில் 2: செந்தூல்

மேலே ஐயா சொன்ன பங்குக் கணக்கு சரியே. ஆனால் அகலமான பொந்து வழியாக விரைந்து வரும் மழைநீருக்குச் சுண்ணாம்பைக் கரைக்க நேரமே கிடைக்காது. அதுவும் குறைந்த எண்ணைக் காட்டி, கால்வாய் நீர்போல ஏமாற்றும். ஆகவே மழையற்ற நாட்களின் அளவை மட்டும் கணக்கில் எடுங்கள். கால்வாயில் சாயத்தை ஊற்றி, அது ஊற்றுகளில் வருகிறதா என்று பார்க்கும் சாயச் சோதனையும் செய்துவிடுங்கள்.

புளோரசீன் சாயம் வெயிலில் சிதையும் என்பதால் மாலையில் ஊற்றுவது நல்லது. ரோடமைன் வகை களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். கலங்கல் நீருக்கு அது எனக்கு உவப்பானதன்று. சாயம் இடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஊற்றுகளிலிருந்து மாதிரி எடுத்து, இயல்பாக இருக்கும் ஒளிர்வை அறிந்துகொள்ள வேண்டும். சாயத்தைப் பிடித்துவைக்கும் கிளர்வூட்டிய கரிப் பொட்டலங்களைச் சுவரில் மட்டுமின்றி, அக்கம்பக்கக் கிணறுகளிலும் குகை ஊற்றுகளிலும் கட்டித் தொங்கவிடுங்கள். சுண்ணாம்புப் பாறையில் நீர் நாம் நினைக்கும் திசையில் போவதில்லை. மீன் குளத்துக்காரர்களுக்கும் உரிய இலாகாக்களுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். பச்சை நீரைக் கண்ட பிறகு விளக்கம் கொடுத்தால் எவரும் நம்பமாட்டார்கள்.

பதில் 3: பத்துமலை அடிவாரம்

கசிவைக் கண்டுபிடிப்பது ஒருபுறம் இருக்கட்டும். 150 மீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது? நீர்மட்டச் சரிவு வட்டமாகப் பரவும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்காகத் தோன்றுகிறது. சுண்ணாம்புக்கல்லில் அது விரிசல் போகும் திசையில் நீண்டுவிடும். புதிய தடத்துக்கு அடியில் ஒரு விரிசல் குழிவரை வந்தால், 150 மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை.

தலைநகரத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. வெள்ளநீருக்கும் வாகனங்களுக்குமாக 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தைத் தோண்டும்போது, பொந்துகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லைக் கருதித்தான் சேற்றுக் கலவையின் அழுத்தத்தால் முகப்பைத் தாங்கிப் பிடிக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். கிந்தாவில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெள்ளீயத்தை அலசிவிட்டுக் கொட்டிய மணலும் சேறும் கூரிய பாறை முனைகளை மூடிக்கிடக்கின்றன. மேலே சமதளமாகத் தெரியும் இடத்தில் பாறை 3 மீட்டரிலும் இருக்கும், பத்தடி தள்ளி 15 மீட்டரிலும் இருக்கும். அப்படிப்பட்ட மணலில் பூச்சில்லாத கால்வாயை வெட்டினால், ஒரு பெருமழைக்குள் புதிய பொந்து ஒன்று வாய் திறக்கும்.

ஆகவே புதிய தடம் நெடுகிலும், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடியில் இருப்பதை அறியும் மின்தடை அளவை எடுத்து, ஐயம் உள்ள இடங்களில் துளையிட்டுப் பார்க்க வேண்டும். அடியில் நெகிழித் தகட்டுப் பூச்சும் வேண்டும். வெறும் கான்கிரீட் பூச்சு நிலம் சற்று அமிழ்ந்தாலே வெடித்துவிடும். இவ்வளவும் செய்தால், பழைய கால்வாயிலேயே கசியும் பகுதிக்கு மட்டும் பூச்சிடுவது மலிவாக முடியும் என்பது என் கணிப்பு. கால்வாயை நகர்த்துவதென்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகாவையும் நில அலுவலகத்தையும் கேட்காமல் ஒரு மண்வெட்டியும் இறங்கக்கூடாது. சிலாங்கூராக இருந்தால், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸையும் கேட்டிருக்க வேண்டும்.

பதில் 4: பழைய நீர்மட்டம்

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். கால்வாயின் தலைப்பில் மதகு இருக்கிறதா? இருந்தால் இரண்டு மூன்று நாள் மூடிப் பாருங்கள். ஊற்று எவ்வளவு குறைகிறது, எத்தனை மணி நேரம் கழித்துக் குறைகிறது என்ற இரண்டு எண்களுக்கு முன்னால் எந்த நிர்வாகமும் வாதாட முடியாது.

கேள்வி கேட்டவர்: கெப்போங்வாசி

மதகு இருக்கிறது, ஐயா. தோட்டக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தூர்வாருவதற்காக அதை மூடுவார்கள். அடுத்த தூர்வாரல் மூன்று வாரத்தில் வருகிறது. தடுப்புப் பலகையை அதற்குள் பொருத்திவிடுவேன். இன்று காலை கருவியை இரவல் வாங்கி அளந்தேன். வடக்கே இருக்கும் ஊற்று ஏறக்குறைய கால்வாயின் எண்ணையே காட்டுகிறது. மற்ற இரண்டும் ஆழ்குழாயின் எண்ணுக்கு அருகில் நிற்கின்றன. லாரிகளை அங்கிருந்து நகர்த்தச் சொல்லிவிட்டேன். விலைப்புள்ளிக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை.