புதுப்பிப்பு: பல்லை நறநறவென்று கடித்த கிடாவுக்குச் சிறுநீர்க்கல்

காயடித்த வெள்ளாட்டுக் கிடா ஒன்று தீனி எடுக்காமல் ஒதுங்கி நின்று பல்லைக் கடிக்கிறது என்று எழுதியிருந்தேன். அசைபோடுவதாக இருக்கும் என்றார்கள் சிலர். அசைபோட்டால் உருண்டை தொண்டையில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இது வெறும் வாய். வலிதான்.

மருத்துவர் வந்து பார்த்தார். குறியின் நுனியில் புழுப்போல் நீண்டிருக்கும் மெல்லிய குழாயில் கல் அடைத்திருந்தது. அந்தக் குழாயை வெட்டியதும் சிறுநீர் வந்துவிட்டது, அப்பாடா! ஆனால் மேலே வேறு கல் இருந்தால் மறுபடி அடைக்கும், அதனால் இன்னும் கண்காணிப்பில்தான் இருக்கிறது. தானியத்தில் கல் உருவாகக் காரணமான பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அதை நிறுத்திவிட்டு, காய்ந்த புல்லும் நிறைய தண்ணீரும் கொடுக்கிறோம்.

உங்கள் கிடா முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்துகொண்டு பல்லையும் கடித்தால், தயவுசெய்து உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். விட்டால் சிறுநீர்ப்பை வெடித்துவிடும்.