ஷூட்டிங் வீடும் வெள்ளைப்பணியாரமும்

செட்டிநாட்டில், காரைக்குடிப் பக்கத்தில், பிரபலங்களைப் பார்க்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வண்டியும் கேரவனும் நின்றுகொண்டிருக்கும். போகிற வருகிற ஆட்கள் சைக்கிளை நிறுத்தி, "யாருப்பா நடிக்கிறாக?" என்று கேட்பார்கள். பதில் வந்ததும் நடையைக் கட்டிவிடுவார்கள். மறுநாள் டீக்கடையில் பேச்சு நடிப்பைப் பற்றி இருக்காது. வந்தவர் பந்தா பண்ணினாரா, மனுஷனாக நடந்துகொண்டாரா என்பதுதான் பேச்சு.

எங்கள் அப்பத்தா வீட்டிலும் ஒரு முறை ஷூட்டிங் நடந்தது. அது பங்கு வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே வீடு, உள்ளே எத்தனையோ புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பாத்தியதை. சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகள் எல்லாரும் சரி என்றால்தான் வெளியாளுக்கு விட முடியும். ஒருத்தர் முறுக்கிக்கொண்டாலும் கதை முடிந்தது. அந்த வருஷம் மழையில் இரண்டாங்கட்டு ஒழுகியது, ஓடு மாற்றப் பணம் வேண்டியிருந்தது. அதனால்தான் எல்லாரும் இறங்கி வந்தார்கள். நிபந்தனைகள் நிறைய: பர்மா தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது, சாமி அறைப் பக்கம் கேமரா திரும்பக் கூடாது, வளவு என்கிற உள்முற்றப் பகுதிக்குள் செருப்புக் கால் படக் கூடாது.

கடைசி நிபந்தனைதான் சிக்கலாகிவிட்டது. கதாநாயகன் பூட்ஸ் காலோடு தடதடவென்று பட்டாலைக் கூடத்தில் நடந்து வர வேண்டிய காட்சி. (பெயர் வேண்டாம். வீடு எது என்று ஊரே கண்டுபிடித்துவிடும்.) அப்பத்தா முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார், டைரக்டரும் வந்து பேசிப் பார்த்தார். "ஆச்சி, இவர் யாருன்னு தெரியலையா?" என்று ஒரு உதவியாளர் வேறு கேட்டுத் தொலைத்தார். அப்பத்தா அவரைக் கண்டுகொள்ளாமல் நடிகரிடம், "தம்பிக்கு எந்த ஊரு? சாப்பிட்டாச்சா?" என்றார்கள். அவர் ஊரைச் சொன்னார். "அந்தப் பக்கமா? சரி, தம்பி, மண்ணுல படாத புதுச் செருப்புன்னா எனக்கு ஒண்ணும் இல்லை" என்று வழியும் அவர்களே சொன்னார்கள்.

உடனே காரைக்குடிக்கு ஒரு கார் பறந்தது. புது பூட்ஸ் அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கியது. நடிகர் வெறுங்காலோடு வளவுக்குள் வந்து, தூணோரம் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு நடந்தார். ஷாட் முடிந்ததும் அங்கேயே கழற்றி, யாரிடமும் கொடுக்காமல் தானே கையில் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போனார். அதோடு அப்பத்தாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அவர் நடித்த படம் ஒன்றைக்கூட அவர்கள் பார்த்ததில்லை.

சாயங்காலம் வெள்ளைப்பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் திண்ணைக்கே போயின. டயட் என்று இழுத்தார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்ட பிறகு அந்தப் பேச்சே இல்லை. எப்படிச் செய்வது என்று அவர் கேட்க, அப்பத்தா டம்ளரை எடுத்துவந்து காட்டியே சொன்னார்கள்: பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அது மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் கணக்கு. ஊறவைத்து நைசாக ஆட்டி, உப்பும் துளி சீனியும் போட்டு, கரண்டியால் எண்ணெயில் ஊற்ற வேண்டும். அவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். நாங்களெல்லாம் அவரைப் படம் பிடிக்க நிற்க, அவர் டம்ளரைப் படம் பிடித்தார்!

எல்லாரும் இப்படி இருப்பதில்லை. வேறொரு படத்துக்கு வந்தவர்கள் தெருவை இரண்டு பக்கமும் கயிறு கட்டி மறித்து, பால்காரரைக்கூட உள்ளே விடவில்லை. அந்த நடிகரை நான் பார்க்கவே இல்லை. அவருடைய பவுன்சர்களின் முதுகைத்தான் பார்த்தேன்.

பெரியவர்களைக் கேட்டால் இன்னும் பின்னால் போவார்கள். 1919-ல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தார். கையில் கோலோடு நிற்கும் அந்தப் பிரபலமான படம் காரைக்குடியில் எடுத்ததுதான். 1927 செப்டம்பரில் காந்தி வந்தார். மாளிகைகளில் அடைத்து வைத்திருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு, இந்த வேலையைத் தன்னிடம் விட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் வீட்டை அலங்கரித்துத் தருவதாகச் சொன்னார். பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலிப் பளிங்கும் இறக்கிவிட்டுப் பெருமையாக நின்றவர்களிடம், விருந்தாளியாக வந்த இடத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அவரையும் நம் ஆட்கள் முகம் சுளிக்காமல் உபசரித்துக் கதர் நிதியும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பயணத்தில்தான் அவர் சிராவயலில், பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) நடத்திவந்த ஆசிரமத்துக்கும் போனார்.

கம்பன் விழாவில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். 1939-ல் சா. கணேசன் தொடங்கியது காரைக்குடிக் கம்பன் கழகம். நேரம் தவறாமைக்குப் பேர்போனது, அதனால் பேச்சாளர்கள் முன்னதாகவே வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். டிவி பட்டிமன்றங்களில் தினமும் பார்க்கிற ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் மேல்துண்டோடு இருந்த பெரியவர் மெல்லத் திரும்பி, "மூணாவது அடி அப்படி இல்லையே" என்றார். பேச்சாளர் பதில் பேசாமல் பையிலிருந்து சீட்டை எடுத்துத் திருத்திக்கொண்டார். கம்பனைப் பேச வருகிறவர்கள் மைக்கைவிட இந்த முன்வரிசைக்குத்தான் பயப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளத்தூர்க்காரர்கள் நடிகை மனோரமாவைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பிறந்தது மன்னார்குடி என்றாலும் வளர்ந்து நாடக மேடை ஏறியது இங்கேதான், 'பள்ளத்தூர் பாப்பா' என்ற பெயரே அப்படி வந்ததுதானே.

எனக்கு வேண்டியது வேறு. 1940-களில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அந்தக் கொட்டகையில் லைட் தூக்கியவர்கள், சமைத்துப் போட்டவர்கள், தையல் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் ஐயா, அப்பத்தா சொன்னது ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள். நட்சத்திரங்களைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அவர்களுக்கு மத்தியானம் என்ன குழம்பு வைத்தார்கள் என்று தெரிந்தாலும் போதும்.