கொசப்பேட்டை வீட்டுக் குழு: கரடிப் பஞ்சாயத்து

ராணிப்பேட்டை அக்கா: சித்தி, அடுத்த மாதம் பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். நீங்க ஸ்டேட்டஸில் போட்டிருந்த தேன் நிறக் கரடி பொம்மை மாதிரி ஒன்று செய்து தருவீங்களா?

சத்துவாச்சாரி சித்தி: கரடி தர்றேன்டி, ஆனா அது கிடையாது. அது மோஹேர். கண்ணு கண்ணாடியில் செய்தது. கனத்துக்கு வயிற்றில் பொடிப்பொடி இரும்புக் குண்டு போட்டிருக்கேன். ஒரு வயசுப் பிள்ளைக்கு எது கிடைத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகும்.

காட்பாடி பெரியப்பா: மோஹேர் என்பது முயல் முடிதானே?

சத்துவாச்சாரி சித்தி: ஆட்டு முடி மாமா. அங்கோரா ஆடு. அங்கோரா முயல் என்று வேறே ஒன்று இருக்கு, அதனால்தான் எல்லாரும் குழம்புறாங்க.

காட்பாடி பெரியப்பா: துருக்கியின் அங்காராவுக்குப் பழைய பெயர்தான் அங்கோரா. குறித்துக்கொள்ளவும்.

சத்துவாச்சாரி சித்தி: ஆமாம் மாமா. இப்போ அந்த முடி அதிகம் வருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து. பருத்தித் துணியில் முடி நிற்கிற மாதிரி நெய்வாங்க. நான் ஜெர்மனித் துணி வரவழைக்கிறேன்.

காட்பாடி பெரியப்பா: வேலூர் லாங்கு பஜாரில் 300 ரூபாய்க்கு மடி நிறையக் கரடி கிடைக்கும்.

ஆம்பூர் மாமா: மாமா, இதைச் சத்துவாச்சாரி அக்கா வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிப் பாருங்க 😄

சத்துவாச்சாரி சித்தி: சொல்லட்டும்டா. மாமா, வெட்டுவதை மட்டும் சொல்றேன். துணியைக் குப்புறப் போட்டு, முடி எந்தப் பக்கம் படியுதோ அந்தப் பக்கம் அம்புக்குறி போடணும். சின்னக் கத்தரிக்கோலின் நுனியை விட்டு அடித்துணியை மட்டும் வெட்டணும். சாதாரணத் துணி மாதிரி ஒரேயடியாக நறுக்கினால் முடியும் சேர்ந்து போய்விடும், தையல் ஓரம் மொட்டையாகத் தெரியும். தைத்த பிறகு, தையலுக்குள் மாட்டின முடியை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கணும். மூட்டுக்கு அட்டை வட்டு, போல்ட்டு, நட்டு. அப்போதான் கை கால் தலை எல்லாம் திரும்பும்.

ராணிப்பேட்டை அக்கா: அம்மாடி!

சத்துவாச்சாரி சித்தி: இதெல்லாம் கை வேலைடி, பழகிடும். முகம்தான் பாடாய்ப் படுத்தும். கண்ணை இரண்டு நூல் தள்ளி வைத்தால் திருட்டு முழி வந்துடும். குண்டூசியில் குத்திவைத்து, ராத்திரி பார்த்து, காலையில் பார்த்து, அப்புறம்தான் நீள ஊசியால் நூலைப் பின்மண்டைக்கு இழுத்து முடிச்சுப் போடுவேன். மூக்கு முழுக்க நூல் வேலை. மூக்கைச் சுற்றி முடியைக் கத்தரித்தால்தான் சிரிப்பு தெரியும். கொஞ்சம் அதிகமாகக் கத்தரித்துவிட்டால் ஒட்டவைக்கவா முடியும்?

காட்பாடி பெரியப்பா: 1902இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிவைத்த கரடியைச் சுட மாட்டேன் என்றார். அது பத்திரிகையில் கார்ட்டூனாக வந்தது. அவருடைய செல்லப்பெயர் டெடி; கரடி பொம்மைக்கு அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

சத்துவாச்சாரி சித்தி: அதே வருஷம்தான் மாமா, ஜெர்மனியில் ஸ்டைஃப் கம்பெனிக்கு ரிச்சர்ட் ஸ்டைஃப் கை கால் அசையுற கரடி செய்தார். அதுவும் மோஹேர்தான்.

நான்: சித்தி, ஒரு சந்தேகம். உங்க ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் தேடினேன். கவருக்குள் ஒரு கரடி படுத்திருந்தது.

ஆம்பூர் மாமா: 😂😂

சத்துவாச்சாரி சித்தி: பூச்சி அரிக்காமல் இருக்கத்தான். அந்துருண்டை போட்டால் வாடை போகவே போகாது. காற்றுப் புகாத கவரில் கட்டிக் குளிரில் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துடும். ஐஸ்கிரீம் கீழ் டப்பாவில் இருந்தது, கண்ணு தெரியலையா?

ஆம்பூர் மாமா: அக்கா, கரடி உள்ளங்காலுக்கு வைக்க ஸ்வீடு தோல் கேட்டிருந்தீங்களே. இங்கே கட்டிங்கில் விழுகிற துண்டை எடை போட்டு விற்கிற கடை இருக்கு. மெல்லிசாக, 0.6 மில்லி கனத்தில் பார்த்தேன்.

சத்துவாச்சாரி சித்தி: அதேதான்டா! கால் கிலோ வாங்கு. வெளிர் பழுப்பு, கொஞ்சம் சாம்பல். பாப்பா கரடிக்குத் தோல் வேண்டாம், சப்பும். அதுக்குப் பருத்தி வெல்வெட், உள்ளே பஞ்சு, கண்ணும் மூக்கும் நூலிலேயே தைக்கிறேன். மூட்டு, போல்ட்டு ஒன்றும் கிடையாது. தண்ணியில் அலசினாலும் கவலையில்லை.

ராணிப்பேட்டை அக்கா: சரி சித்தி, என்ன நிறம்?

சத்துவாச்சாரி சித்தி: நீ சொல்லு. வெள்ளை மட்டும் கேட்காதே.

காட்பாடி பெரியப்பா: அந்தத் தேன் நிறக் கரடி என்ன விலை?

ஆம்பூர் மாமா: மாமா, லாங்கு பஜாரில் கேட்டுப் பாருங்க 😄

சத்துவாச்சாரி சித்தி: சும்மா இருடா. மாமா, அது ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிவைத்தது. வேண்டுமென்றால் பொங்கலுக்கு அப்புறம் செய்து தர்றேன்.