மாசியிலேயே இளவேனிலை எழுதலாமா? இந்தச் சனி, ஞாயிறு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

குடமுருட்டிக்கரை எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை இரவு உழவன் விரைவு வண்டியில் சென்னையிலிருந்து கவிஞர் நண்பர்கள் சிலர் கும்பகோணத்துக்கு வருகிறார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் நிலையத்திலிருந்து அவர்களை அழைத்துக்கொண்டு பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்துவிடுவேன். இரண்டு நாளும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது, ஆளுக்கொரு கவிதையாவது எழுதி வாசிப்பது என்பதுதான் திட்டம். "வசந்தம் வருவதை எங்களுக்குக் காட்ட வேண்டும்" என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்.

என் சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28ஆம் தேதியோடு மூடிவிடுவார்கள் என்பதால், இப்போது குடமுருட்டி ஆற்றில் மணல்தான் பெரும்பகுதி. சம்பா அறுவடை முடிந்துவிட்டது. நெல் நின்ற வயல்களில் உளுந்தும் பச்சைப் பயறும் முழங்கால் உயரத்துக்குக்கூட வராமல் படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கின்றன. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், வயலில் ஈரம் இருக்கும்போதே நிற்கும் நெற்பயிருக்கு இடையில் தூவிவிட்ட விதை அது; தனியாக நீர் பாய்ச்சாமல், மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் குடித்தே விளைந்துவிடும். எனக்கு இது மிகவும் அழகான காட்சி. ஆனால் வசந்தம் என்றால் சென்னைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

இன்னொரு ஐயமும் இருக்கிறது. இலக்கணப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனிலுக்குச் சித்திரை பிறக்க வேண்டும். அப்படியிருக்க, இப்போதே இளவேனில் என்று எழுதினால் அது பொய்யாகாதா? நீங்கள் உங்கள் ஊரில் எதைக் கண்டால் பருவம் மாறிவிட்டது என்று நம்புவீர்கள்? இந்தச் சனி, ஞாயிறு உங்களுக்கு எப்படிக் கழியப் போகிறது என்பதையும் எழுதுங்கள். நண்பர்கள் வந்ததும் முதலில் வாசித்துக் காட்ட அது உதவும்.

வைகைமகள் எழுதியது:

தம்பி, முதலில் உன் இரண்டாவது ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் இளவேனிற் பத்து என்று ஒரு பத்து இருக்கிறது. 341 முதல் 350 வரையிலான பாடல்கள். பத்துமே ஒரே அடியில்தான் தொடங்கும். திரும்பி வருவதாகச் சொன்ன தலைவன் வரவில்லை, பருவம் மட்டும் வந்துவிட்டது என்பதுதான் அந்த அடியின் செய்தி. அதன் பிறகு தலைவி ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சாட்சியைக் காட்டுகிறாள். ஒன்றில் குயில், ஒன்றில் கோங்கு, ஒன்றில் பாதிரிப் பூ, ஒன்றில் புன்கு (நம் புங்குதான்), ஒன்றில் மாமரத்தின் நெருப்பு நிறத் தளிர், கடைசியில் வேப்பம்பூ. அவள் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பேசவில்லை, மரத்தைப் பார்த்துப் பேசுகிறாள். நீயும் அப்படியே செய். உன் தெருவில் புங்கும் மாவும் வேம்பும் கட்டாயம் இருக்கும். மூன்றையும் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் நண்பர்களைப் பார்க்க வை. புங்கு இலையுதிர்த்த சில நாட்களுக்குள்ளாகவே பளபளவென்று வெளிர்பச்சைத் தளிர் விட்டுவிடும் மரம் ஆகையால், சனிக்கிழமை பார்த்ததற்கும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்குமே வேறுபாடு தெரிந்தாலும் தெரியும்.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்று வருந்த வேண்டாம். அந்தப் பத்தின் முதற்பாட்டிலேயே ஆறு கரை நிறைந்து ஓடவில்லை. நுண்மணலோடு மெல்லிய ஒழுக்காகத்தான் நெளிகிறது. இளவேனிலின் ஆறு என்றைக்குமே மெலிந்த ஆறுதான் போலும். வெள்ளமும் நுரையும் கார்காலத்துக்கு உரியவை.

என் சனிக்கிழமையில் கவிதைக்கு இடமில்லை. அழகர்கோயில் பக்கத்திலிருந்து மாவடு வரத் தொடங்கிவிட்டது. காம்போடு நல்ல உருண்டை வடுவாகப் பொறுக்கி வாங்கி, கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, உப்பும் மிளகாயும் கடுகும் மஞ்சளும் சேர்த்து ஜாடியில் போட வேண்டும். தன் நீரை விட்டு வடு சுருங்கும்வரை நாள்தோறும் குலுக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பருவம் மாறியதை அந்த ஜாடிதான் அறிவிக்கும். ஞாயிறு மாலை மட்டும் மொட்டை மாடியில் தோழிகள் மூவரோடு வாசிப்பு உண்டு. வெயில் தாழ்ந்த பிறகு அங்கே உட்கார முடிகிற கடைசி வாரங்கள் இவைதாம். பங்குனி பாதியைத் தாண்டினால் தளத்தில் கால் வைக்க முடியாது.

சிவப்புமை எழுதியது:

நான் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியன். மார்ச் தொடக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்பதால், எனக்கு இளவேனில் என்பது திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டுகளின் வடிவத்தில் வந்து சேர்கிறது. சனி முழுவதும் திருத்தம். ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு. வைகைமகள் அக்கா சொன்ன பத்துப் பாட்டைப் படித்தபோது, வராத தலைவனுக்குப் பதிலாக வராத சனிக்கிழமையை வைத்துப் பாடலாமே என்று தோன்றியது.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி மைதானத்து வேம்பு இந்த வாரம் முழுக்க இலையைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதே கிளைகளின் நுனியில் செம்பு நிறத்தில் கொழுந்தும் வந்துவிட்டது. இலையுதிர்வுக்கும் தளிர்ப்புக்கும் நடுவே ஒரு நீண்ட குளிர்காலம் இருக்க வேண்டும் என்று பிற நாட்டுக் கவிதைகளைப் படித்துப் பழகிய நாம் எதிர்பார்க்கிறோம். இங்கே இரண்டும் ஒரே மரத்தில், ஒரே வாரத்தில் நடக்கின்றன. வேனிலில் மரம் எதற்கு உதிர்க்கிறது, எதற்கு உடனே தளிர்க்கிறது என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நீர் குறையும் பருவத்தில் முதிர்ந்த இலைகளைக் கழித்துவிட்டு, அடிமண் ஈரத்தைக் கொண்டு புதிய இலைகளை விடுகிறது என்று சொன்னேன். "அப்படியானால் அது மழைக்காகக் காத்திருக்கவில்லையா ஐயா?" என்றாள். கவிதை எழுத வேண்டியது அவள்தான்.

அல்சூர்வாசி எழுதியது:

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வசந்தத்தைத் தேட வேண்டிய தேவையே இல்லை, சாலை நடுவில் நின்று வழிமறிக்கிறது. தபேபுயா மரங்கள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கின்றன. கப்பன் பூங்காவைச் சுற்றிலும் காலையிலேயே படம் எடுக்க வருகிறவர்களின் கூட்டம். ஆனால் இந்த மரங்கள் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை. லால்பாக் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த கிரம்பீகல் என்னும் ஜெர்மானியர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்க வேண்டும், ஆண்டு முழுதும் நகரத்தில் ஏதாவதொரு பூ இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு சாலையோர மரங்களைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே எங்கள் வசந்தம் கோப்பில் எழுதித் திட்டமிடப்பட்ட வசந்தம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நூறாண்டு நின்ற மரத்தை அயலான் என்று சொல்ல நான் யார், நானே வாணியம்பாடியிலிருந்து பிழைக்க வந்தவன்தானே.

கவிதை என்று வரும்போது மட்டும் ஒரு தடுமாற்றம் வருகிறது. கண்ணைப் பறிக்கும் இந்த மரங்களைப் பற்றி நான் எழுதியவை எல்லாம் வாழ்த்து அட்டைபோல் ஆகிவிடுகின்றன. மாறாக, எங்கள் தெருவில் யாரும் படம் எடுக்காத புங்க மரங்கள் ஏராளம். கன்னடத்தில் ஹொங்கே என்பார்கள். உகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொடுப்பதற்குச் சில வாரம் முன்னதாக அவை தளிர்த்து, பிறகு பொரி சிதறினாற்போல் பூவைத் தரையில் கொட்டும். அதைப் பற்றி எழுதும்போது சொற்கள் தாமாக அடங்கி நிற்கின்றன. எனவே குடமுருட்டியாருக்கு என் யோசனை: பூ இல்லையே என்று நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள், அந்த உளுந்து வயலுக்கே அழைத்துச் செல்லுங்கள். சனிக்கிழமை நான் அல்சூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, பழைய புத்தகக் கடைகளில் பொழுதைக் கழிக்கப் போகிறேன்.

குளத்தங்கரை எழுதியது:

நெல்லைச் சீமையிலிருந்து இந்த முதியவனின் பங்கு. பணி ஓய்வுக்குப் பின் எனக்கு எல்லா நாளும் ஞாயிறு என்றாலும், பேரன் வீட்டில் இருக்கும் நாளில்தான் இருசக்கர வண்டியில் பின்னால் ஏறிக்கொள்ள முடிகிறது. இந்த வாரம் இருவரும் கூந்தன்குளம் போகிறோம். அங்கே சங்குவளை நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல் வீடுகளுக்கு நடுவிலுள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வந்த வரித்தலை வாத்துகள் வடக்கே திரும்பும் காலம் இது. அவை கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். நீங்கள் எல்லாரும் பருவம் வருவதைப் பேசுகிறீர்கள். எனக்கோ எது கிளம்புகிறது என்பதில்தான் பருவம் தெரிகிறது. சூறைக்குருவிகள் மாலை நேரத்தில் வானத்தையே மறைத்துச் சுழன்று சுழன்று அடைவதும் இன்னும் சில வாரங்கள்தான்.

இடையில் ஒரு சிறு குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வைகைமகள் அம்மையார் குறிப்பிட்ட முதற்பாட்டில் இனிய குரலில் அகவுவது குயிற்பெடை. நம் தோப்புகளில் "கூ... கூ..." என்று ஏறிக்கொண்டே போகும் குரல், கரிய ஆண் குயிலுடையது. புள்ளி போட்ட பெடை "கிக் கிக்" என்று விட்டுவிட்டுக் கத்தும். புலவரைத் திருத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தலைவி தன்னைப் போன்ற ஒருத்தியின் குரலாகவே அதைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் இளைஞர்கள் இன்று எழுதும்போது காதால் கேட்டு எழுத வேண்டும். காகம் கூடு கட்டத் தொடங்கும் காலத்தை ஒட்டித்தான் குயிலின் கூவலும் வலுக்கும், முட்டையிட அதற்குக் காகத்தின் கூடு வேண்டும் அல்லவா? ஆகவே காகம் அலகில் சுள்ளியோடு பறப்பதைப் பார்த்தால், குயிலைப் பற்றி எழுதத் தாளை எடுத்து வைக்கலாம். இந்தத் திருட்டுக் கணக்கைப் பாடிய வசந்தக் கவிதை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. குடமுருட்டித் தம்பியின் விருந்தாளிகளில் யாராவது எழுதினால் மகிழ்வேன்.

அடையாற்று ஆலமரம் எழுதியது:

வரப்போகும் விருந்தாளிகளில் நானும் ஒருவன். நாங்கள் போட்ட நிபந்தனையைப் பார்த்து நண்பர் இவ்வளவு அஞ்சியிருப்பது இப்போதுதான் தெரிகிறது. புரசு மரத்தின் பெயரால் அமைந்தது என்று சொல்லப்படும் புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். செந்தழல் நிறத்தில் மாசி, பங்குனியில் பூக்கும் அந்த மரத்தை என் தெருவில் ஒரு நாளும் கண்டதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு உளுந்தின் மஞ்சள் பூவே பெரிய காட்சிதான். மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்தே ஒரு பயிர் விளைகிறது என்ற செய்தி ஒன்றுக்காகவே டிக்கெட் எடுத்தது தகும்.

ஒரு முன்மொழிவு உண்டு. இளவேனிற் பத்தைப் போலவே நாமும் எல்லாரும் ஒரே முதலடியை வைத்துக்கொண்டு எழுதலாம். அடி பழையதாக இருக்க வேண்டாம். சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கூடி முடிவு செய்வோம். ஞாயிறு காலை ஆளுக்கொரு மரத்தையோ பறவையையோ பயிரையோ எடுத்துக்கொண்டு தனித்தனியே போய்விட வேண்டும். கைப்பேசியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போவது என் வேண்டுகோள், கட்டாயம் இல்லை. காகத்தின் கூட்டை எனக்கு ஒதுக்கிவிடுங்கள்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன காகக் கூடு எங்கள் கொல்லைத் தென்னையிலேயே பாதி எழும்பியிருக்கிறது, ஆலமரத்தாருக்கு அதிக தூரம் அலைய வேண்டியிராது. அக்கா, முதலடி முடிவானதும் இங்கே எழுதிவிடுகிறேன். வடு குலுக்கும் நேரத்தில் நீங்களும் ஒன்று சேர்த்துவிட வேண்டும். பத்து நிறைய எங்களுக்கு ஆள் போதாது. சிவப்புமை ஐயாவின் மாணவி எழுதினால் அவளுக்கென்று வேம்பை விட்டுவைத்திருக்கிறோம். தேர்வு முடிந்தபின் எழுதினால் போதும், அவசரமில்லை.

ஞாயிறு மதியம் வேப்பம்பூ ரசம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஆண்டுப் பூ இன்னும் உதிரவில்லை என்பதால், சென்ற ஆண்டு மரத்தடியில் வேட்டியை விரித்துச் சேர்த்துக் காயவைத்த பூதான். ரயிலில் வருகிறவர்கள் போர்வை ஒன்று கொண்டு வாருங்கள். பகலில் வெயில் சுட்டாலும் விடியற்காலையில் இங்கே பனி இறங்குகிறது. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேறு யாராவது வர விரும்பினால் வியாழக்கிழமை இரவுக்குள் சொல்லிவிடுங்கள், உலைக்கு அரிசி போடும் அளவு வீட்டில் தெரிய வேண்டும்.