திபெத்துக்காக வெளியிலிருந்து குரல் கொடுத்து என்ன ஆகிறது?

மேட்டுத்தெரு:
ஒவ்வொரு மார்ச் 10 அன்றும் உலகின் பல நகரங்களில் திபெத் கொடியோடு ஊர்வலம் போகிறார்கள். 1959-ல் திபெத்தின் தலைநகர் லாசாவின் மக்கள் சீன ஆட்சிக்கு எதிராக எழுந்த நாள் அது. திபெத்தியர்கள் படும் பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருட ஆதரவில் திபெத்துக்குள் இருப்பவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஐநா பொதுச்சபை 1959, 1961, 1965 என்று மூன்று முறை தீர்மானம் போட்டது, 1961 தீர்மானத்தில் சுயநிர்ணய உரிமை என்றே எழுதியிருக்கிறது. 1971-ல் பெய்ஜிங்கின் கம்யூனிஸ்ட் அரசு ஐநாவுக்குள் வந்தது, அதன்பிறகு அப்படி ஒரு தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறவே இல்லை. ஸ்பெயினில் ஒரு நீதிமன்றம் துணிந்து, திபெத் தொடர்பான வழக்கில் சீனாவின் முன்னாள் தலைவர்கள் ஜியாங் செமினுக்கும் லீ பெங்குக்கும் கைது ஆணை பிறப்பித்தது, 2014-ல் அந்த நாட்டு அரசு சட்டத்தையே திருத்தி வழக்கை மூடவைத்தது. வியாபாரம் என்று வந்தால் எல்லா அரசும் ஒதுங்கிக்கொள்கிறது.

வைகறை:
அண்ணா, நீங்கள் அரசுகளை மட்டும் பார்க்கிறீர்கள். 1999-ல் உலக வங்கி, சிங்ஹாய் மாகாணத்தில் துலான் என்ற இடத்தில் சுமார் 58,000 ஏழை விவசாயிகளைக் குடியேற்றும் திட்டத்துக்குக் கடன் தர ஒப்புக்கொண்டது. திபெத்தியரும் மங்கோலியரும் வாழும் பகுதி அது, வரவிருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியார். திபெத் ஆதரவு இயக்கங்கள் தெருவில் கத்தியதோடு நிற்காமல் வங்கியின் ஆய்வுக்குழுவிடமே முறையிட்டன, வங்கி தன் விதிகளைத் தானே மீறியிருக்கிறது என்று அந்தக் குழு சொன்னது. 2000 ஜூலையில் சீனா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அப்புறம் ஙவாங் சாங்ட்ரோல் என்ற பிக்குணி. சிறுமியாக இருக்கும்போதே பிடிபட்டவர், லாசாவில் உள்ள திராப்ச்சி சிறையில் சக பிக்குணிகளோடு சேர்ந்து ரகசியமாகப் பாடல்களைப் பதிவு செய்து வெளியே அனுப்பியதற்காகத் தண்டனையை நீட்டினார்கள். 2002-ல் அவர் விடுதலையானது வெளியிலிருந்து ஓயாமல் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான்.

மேட்டுத்தெரு:
துலான் கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். சொந்தப் பணத்தில் செய்துகொள்கிறோம் என்று சொல்லித்தான் சீனா விலகியது. டென்சின் டெலெக் ரின்போச்சே என்ற திபெத்திய மதகுருவுக்காகவும் உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்கினார்கள், மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது, சரி, 2015-ல் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

செங்காந்தள்:
இந்த ஆதரவு யாருடையது என்று ஏன் யாரும் கேட்பதில்லை? 50-களின் கடைசியில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ திபெத்தியப் போராளிகளை கொலராடோ மலைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தது, பிறகு நேபாளத்தில் முஸ்தாங்கில் தளம் அமைக்க உதவியது. அமெரிக்க அதிபர் நிக்சனுக்குச் சீனத் தலைவர் மாவோவின் நட்பு தேவைப்பட்ட காலத்தில் அந்த உதவி நின்றது, 1974-ல் நேபாள ராணுவம் வந்து மிச்சமிருந்தவர்களின் ஆயுதத்தைப் பறித்தது. இன்னொன்று, பழைய திபெத்தில் நிலம் மடங்களிடமும் பிரபுக்களிடமும்தான் இருந்தது, குடியானவன் அவர்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான். அந்த அமைப்பை மீட்கவா நாம் குரல் கொடுக்க வேண்டும்?

வைகறை:
தோழர், பழைய திபெத்தை மீட்க யார் கேட்கிறார்கள்? தலாய் லாமாவே 2011-ல் அரசியல் அதிகாரத்தைத் தேர்தலில் வந்த தலைவரிடம் ஒப்படைத்துவிட்டார். பெய்ஜிங்கிடம் 2008-ல் அவர் தரப்பு கொடுத்த மனுவில் இருந்ததும் தனிநாடு இல்லை, சீன அரசியலமைப்புக்கு உட்பட்ட தன்னாட்சிதான். 2009-லிருந்து 150-க்கும் மேற்பட்ட திபெத்தியர்கள் தீக்குளித்திருக்கிறார்கள், பெரும்பாலும் இளைஞர்கள், பழைய பிரபுக்கள் காலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். தாஷி வாங்சுக் ஒரு சாதாரணக் கடைக்காரர். பள்ளியில் திபெத்திய மொழி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சீனச் சட்டத்தையே காட்டிக் கேட்டார், அதை ஒரு அமெரிக்க நாளிதழின் காணொளியில் பேசினார், பிரிவினையைத் தூண்டினார் என்று ஐந்து வருடம் உள்ளே வைத்தார்கள். இதில் சிஐஏ எங்கே வருகிறது? அமெரிக்கா கைவிட்டது உண்மைதான். அதனாலேயே வாஷிங்டனை நம்பாத ஆதரவு அவர்களுக்கு வேண்டும், அதை இடதுசாரிகள் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?

செங்காந்தள்:
தாஷி வாங்சுக்கை அடைத்தது தவறு, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் 2024-ல்கூட அமெரிக்கா திபெத்துக்கென்று ஒரு சட்டம் போட்டது, அடுத்த வருடமே தன் பணத்தில் நடக்கும் ரேடியோ ஃப்ரீ ஏசியா வானொலியின் நிதியை வெட்டியபோது திபெத்திய ஒலிபரப்பும் அடிபட்டது. பெரிய நாடுகளின் கணக்கில் இந்த மக்கள் வெறும் பேரம்பேசும் பொருள். அந்தக் கணக்கைப் பேசாமல் கொடி பிடிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

குடகுவழி:
இவ்வளவு பேசியும் இந்தியா ஒரு ஓரமாகத்தான் இருக்கிறது. 1959-ல் ஐநாவில் நாம் வாக்களிக்காமல் ஒதுங்கினோம், சீனாவோடு போர் நடந்த பிறகு 1965-ல்தான் ஆதரித்தோம், 2003-ல் வாஜ்பாய் பெய்ஜிங் போய் திபெத் தன்னாட்சிப் பகுதி சீனாவின் பாகம் என்று கையெழுத்திட்டார். அதே சமயம் அன்றைய மைசூர் (இன்றைய கர்நாடக) அரசு பைலகுப்பேயில் திபெத்திய அகதிகளுக்குக் காட்டு நிலம் கொடுத்தது, மத்திய அரசு தனிப் பள்ளிகள் நடத்தியது, லாசாவைச் சுற்றியிருந்த பெரிய மடங்கள் கர்நாடகத்தில் மறுபடி எழுந்தன. திபெத்துக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? சுமார் 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகள் அரசு உறைவிடப் பள்ளிகளால் குடும்பத்தையும் மொழியையும் விட்டுப் பிரிகிறார்கள் என்று 2023-ல் ஐநா நிபுணர்கள் எச்சரித்தார்கள். அந்த மொழியில் படிக்கவும் எழுதவும் வெளியே ஒரு தலைமுறை இருக்கிறது என்றால் அது அந்த நிலத்தாலும் பள்ளிகளாலும்தான். எனக்கு இதுதான் ஆதரவு, ஐநா தீர்மானத்தைவிடப் பெரியது.

மேட்டுத்தெரு:
அது அகதிகளுக்குச் செய்த உதவி. முன்பு ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் எல்லை தாண்டி வந்தார்கள், 2008-க்குப் பிறகு அது சரிந்து இப்போது சில பத்துப் பேர்தான். வர முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு உங்கள் பைலகுப்பே என்ன செய்யும்?

வைகறை:
அவர்களுக்காகத்தான் அடுத்த தலாய் லாமா விஷயத்தில் இப்போதே பேச வேண்டும். இறந்த லாமாவின் மறுபிறப்பு என்று ஒரு குழந்தையைக் கண்டறிவதுதான் அவர்கள் வழக்கம். 1995-ல் ஆறு வயது கெதுன் சோக்கி நீமாவை, தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய மதத் தலைவரான பஞ்சன் லாமா என்று தலாய் லாமா அறிவித்த மூன்றாம் நாள் அந்தக் குழந்தையைக் கொண்டுபோனார்கள், இன்றுவரை வெளி உலகம் அவரைப் பார்க்கவில்லை. மறுபிறப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று 2007-ல் சீனா விதியே போட்டுவிட்டது. தன் மறுபிறப்பை அடையாளம் கண்டு ஏற்கும் உரிமை தன் அறக்கட்டளைக்கு மட்டும்தான் என்று 2025 ஜூலை 2-ல் தலாய் லாமா சொன்னார், இரண்டு நாள் கழித்து, நம்பிக்கை சார்ந்த விஷயங்களில் அரசு நிலைப்பாடு எடுப்பதில்லை என்று நம் வெளியுறவுத் துறை அறிக்கை விட்டது. அவர் 1959-லிருந்து இந்த நாட்டில் இருக்கிறார். பெய்ஜிங் நிறுத்தும் ஆளை ஏற்க மாட்டோம் என்ற ஒரு வரியை நம் எம்பிக்களிடம் கேட்பதற்கு வாஷிங்டன் தேவையில்லை, தோழர்.

செங்காந்தள்:
மதத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் எந்த அரசும் தலையிடக்கூடாது என்றால் கையெழுத்துப் போடுவேன், டெல்லியும் சேர்த்து. வாசகத்தை எழுதி இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.