வஞ்சிரத்துக்குப் பதிலாகக் கடல் விரால் வாங்கலாமா?

கேள்வி: கோபி வாசகர்

வணக்கம். தங்கை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுவிருந்து வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிப் பக்கம் என்பதால், கோழியும் ஆட்டுக்கறியும் மட்டும் பரிமாறினால் நன்றாக இருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஈரோட்டில் வழக்கமாக வாங்கும் கடையில் விசாரித்தபோது, கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் நடப்பதால் வஞ்சிரம் எட்டாத விலைக்குப் போய்விட்டதாகவும், கேரளத்திலிருந்து வந்த கடல் விரால் இருப்பதாகவும், வறுத்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது என்றும் சொன்னார்கள். பவானிசாகர் அணை மீனைச் சாப்பிட்டுப் பழகிய எங்களுக்கு இந்த மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இது நம் விராலின் இனமா? கடற்கரைக்காரர்களுக்கு நம்பிப் பரிமாறலாமா?

பதில் 1: உக்கடத்துக்காரர்

தாராளமாகப் பரிமாறலாம், ஆனால் வஞ்சிரம் என்று சொல்லிப் பரிமாறாதீர்கள், தூத்துக்குடிக்காரர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். குளத்து விராலுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. கேரளத்தில் மோதா என்று அழைக்கப்படும் இம்மீனின் குடும்பத்தில் இது ஒன்றைத் தவிர வேறு இனமே இல்லை. தலையிலுள்ள உறிஞ்சு தட்டால் சுறாமீது ஒட்டிக்கொண்டு திரியும் மீன் இதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால், சிறு வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். நண்டு, இறால், கணவாய், சிறு மீன் எல்லாவற்றையும் வேட்டையாடித் தின்று 2 மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது.

கடையில் துண்டாக வாங்காமல் முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். தலை அகன்று தட்டையாக இருக்கும்; கீழ்த்தாடை சற்று முன்னால் நீண்டிருக்கும்; முதுகு கரும்பழுப்பாகவும் வயிறு வெளுப்பாகவும் இருக்கும்; முதுகுத் துடுப்புக்கு முன்னால் குட்டையான தனித்தனி முட்கள் வரிசையாக நிற்கும். வஞ்சிரமோ வெள்ளி நிற உடம்பில் மேலிருந்து கீழாக நெளிநெளியான கோடுகளும் மெல்லிய தோலும் கொண்டது. எனவே, வெட்டிய பிறகும் தோலின் தடிமனைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

தடைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கேரளத்தின் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட நாட்களில் பாலக்காட்டு வழியாக வரும் மீனே நம் சந்தைகளுக்குப் பெரும் துணை.

பதில் 2: சமையல்காரர், திருப்பூர்

விருந்துச் சமையலில் எனக்கு வஞ்சிரத்தைவிட இதுவே பிடிக்கும். வஞ்சிரம் ஒரு நிமிடம் கூடுதலாகக் கல்லில் கிடந்தாலே வறண்டுவிடும். கடல் விராலில் கொழுப்பு அதிகம் என்பதால் சதை கெட்டியாக இருந்தும் ஈரம் போகாது. விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, அரைத்த சின்ன வெங்காயம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறி, அரை மணி நேரம் ஊறியபின் கடலை எண்ணெயில் மிதமான தீயில் வையுங்கள். ஓரம் வெளுத்து, அந்த வெளுப்பு துண்டின் பாதி உயரத்துக்கு ஏறியதும் ஒரே முறை திருப்பினால் போதும். தோல் தடித்தது என்பதால் வறுவலுக்கு உரித்துவிடச் சொல்லுங்கள். தலையை விட்டுவிடாதீர்கள், கொத்தமல்லி வறுத்து அரைத்த குழம்பில் அதற்கு ஈடில்லை.

பதில் 3: தூண்டில் பிரியர், கோவை

இதைத் தூண்டிலில் பிடிப்பவர்களுக்கு இதன்மீது தனி மோகம் உண்டு. திருக்கை, ஆமை, சுறா ஆகியவற்றின் பின்னாலும், மிதவைகளின் நிழலிலும் மேலாகவே சுற்றும் பழக்கம் இருப்பதால், கண்ணால் பார்த்தே இரையை வீச முடியும். படகில் ஏற்றிய பிறகுதான் அதன் முழு ஆத்திரமும் தெரியும். களைப்பதற்குமுன் தூக்கிப்போட்டால் பெட்டி, கம்பு என எதையும் விட்டுவைக்காது. உலகச் சாதனையாகப் பதிவான மீன் 1985இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் பிடிபட்டது, எடை 61.5 கிலோ.

ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010இல் இதன் குஞ்சுகளை உற்பத்தி செய்தார்கள். அதன்பின் கடலில் கூண்டு கட்டியும் வளர்க்கிறார்கள். ஆகவே கடைக்காரர் வளர்ப்பு மீன் என்று சொன்னால் தயங்க வேண்டாம். செவுள் சிவப்பாகவும் சதை விறைப்பாகவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. 6 கிலோவில் முழு மீனாகவே சொல்லிவிட்டேன், தலை குழம்புக்கு. தோலை உரிப்பதற்குக் கடைக்காரர் தனிக்கூலி கேட்கிறார், அது வழக்கம்தானா?