தாத்தா நினைவு ஜெபம், சனிக்கிழமை

பெனி: எல்லாருக்கும் தோத்திரம். சனிக்கிழமை பைபிளில் 2 இராஜாக்கள் 18, 19 எடுக்கிறேன், அசீரியா ராஜா சனகெரிப் யூதா ராஜா எசேக்கியாமேல் படையெடுத்து வந்த இடம், தாத்தாவுக்குப் பிடித்த பகுதி. அவர் காட்டுகிற அந்தப் படப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?

மேரி அத்தை: என்னிடம் கேட்காதே. அடக்கம் முடிந்த மறுநாளே அலமாரி காலி.

சாமுவேல் சித்தப்பா: அக்கா, நான் எடுத்தது பைபிள் அகராதி மட்டும். அதுவும் அப்பா கையால் கொடுத்தது.

பெரியம்மா: இப்போது எதற்கு அந்தப் பேச்சு? சாப்பாடு எத்தனை பேருக்கு?

கிறிஸ்டி அக்கா: பெனி, அதைத் தேடி அலையாதே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட், இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள், அவர்கள் போட்ட பழைய புத்தகங்கள் அவர்கள் தளத்திலேயே காசில்லாமல் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. 1924-ல் லக்கன்பில் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சனகெரிபின் ஆண்டுக் குறிப்புகளை இறக்கு. 1919-ல் வாங்கிய ஒரு களிமண் பட்டகம் அங்கே இருக்கிறது, ஒன்றேகால் அடி உயரம், ஆறு முகம், ஆறிலும் பொடிப்பொடியாக ஆப்பெழுத்து, அந்தக் காலத்து ஆப்பு வடிவ எழுத்து. எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவை மாதிரி அடைத்தேன் என்று சனகெரிபே அதில் சொல்கிறான். நகரத்தைப் பிடித்தேன் என்று மட்டும் ஒரு வரி கிடையாது! இந்த இடம் வந்தால் தாத்தாவுக்குக் குரல் தழுதழுக்கும், ஞாபகம் இருக்கிறதா?

மேரி அத்தை: இருக்கிறது

சாமுவேல் சித்தப்பா: எசேக்கியா அவனுக்கு 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் கொடுத்தது? தாலந்து என்றால் அந்தக் கால எடைதானே, அந்தக் கணக்கு அதில் உண்டா?

கிறிஸ்டி அக்கா: உண்டு சித்தப்பா. பொன் அதே 30. வெள்ளி மட்டும் 800 என்கிறான்.

மேரி அத்தை: போதகர் வீட்டு ஐயரம்மா முன்னால் வேதத்தில் தப்பு என்று சொல்லி வைக்காதே பெனி.

கிறிஸ்டி அக்கா: தப்பு என்று யார் சொன்னது அத்தை? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். எதிரி எழுதி வைத்த கணக்கில் பொன் அப்படியே ஒத்துப்போகிறதே, எனக்கு அதுதான் பெரிது.

பெரியம்மா: வேன் சொல்லியாயிற்றா?

பெனி: அக்கா, படம்?

கிறிஸ்டி அக்கா: சனகெரிப் கி.மு. 701-ல் யூதாவின் லாகீஸ் பட்டணத்தை முற்றுகையிட்டதைக் காட்டும் சிற்பங்கள். அசீரியத் தலைநகர் நினிவேயில் அவன் அரண்மனைச் சுவரில் இருந்தவை, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். அவர்கள் தளத்தில் படம் இருக்கிறது. ராஜா சிம்மாசனத்தில் இருக்கிற படத்தோடு நிறுத்திவிடாதே. மாட்டு வண்டியில் மூட்டைமேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகிறார்களே, அதைப் பெரிதாக்கிக் காட்டு. அப்புறம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 1980-ல் போட்ட அசீரியச் சிற்பப் புத்தகமும் இலவசம்தான், நாற்காலி கட்டிலில் பதித்த தந்த வேலைப்பாடெல்லாம் அதில் வரும். ஆமோஸ் 6:4-ல் தந்தக் கட்டில் என்று வாசிக்கிறோமே, பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரிய வேண்டாமா?

பெனி: இறங்குகிறது. டிவியில் காட்டவா, புரொஜெக்டர் கேட்கவா?

சாமுவேல் சித்தப்பா: டிவி போதும். அகராதியையும் கொண்டு வருகிறேன்.

மேரி அத்தை: கொண்டு வந்தால் அப்பா மேசையிலேயே இருக்கட்டும்.

சாமுவேல் சித்தப்பா: பார்க்கலாம் அக்கா

பெரியம்மா: 60 பேரா, 70 பேரா? மட்டனா சாம்பாரா? யாராவது ஒருவர் சொல்லுங்கள்.